சொந்த மண்ணும் மாநில எல்லையும்

பிறந்த ஊரிலேயே வாழ்வது நன்மையா, வேற்றூர் சென்று பிழைப்பது நன்மையா என்ற வினா பழமையானது. ஆனால் மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்கள் அருகே புதிய எல்லை வந்து நின்றால் அவ்வினா வேறு வடிவம் பெறுகிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி எல்லைக் கிராமங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

எல்லை பிறந்த வரலாறு

இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் நெய்யாற்றின்கரையும் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒன்றாக இருந்தன. 1949இல் இவை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் சேர்ந்தன. தமிழ் வட்டங்களைப் பிரிக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரைப் பகுதியையும் தன் கோரிக்கையில் சேர்த்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1ஆம் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இவ்வாறு, களியக்காவிளைக்கு மேற்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், வீட்டைவிட்டு ஓர் அடியும் நகராமலே மொழிச் சிறுபான்மையினர் ஆயின.

மண்ணோடு இருப்பதன் ஆதாயங்கள்

சொந்த ஊரில் வாழ்வோர்க்கு வீட்டு வாடகை இல்லை. தென்னை, வாழை, மரச்சீனி, ரப்பர் விளையும் சிறு நிலம் குடும்பத்திற்குத் துணை வருவாய் தருகிறது. அவசரத்திற்குக் கைமாற்றுத் தரவும், வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தையைப் பேணவும் உறவினர் அருகில் உள்ளனர். இவற்றின் மதிப்பு எக்கணக்கேட்டிலும் இடம் பெறுவதில்லை. நகரத்திற்குக் குடிபெயர்பவர் இவை ஒவ்வொன்றையும் பணம் கொடுத்தே பெறவேண்டும்.

எல்லைப்புறத்திற்கே உரிய ஆதாயமும் உண்டு. இங்குள்ளோர் பலர் இரு மொழியும் அறிந்தவர்கள். இரு மாநிலச் சந்தைகளும் அவர்களுக்கு அருகிலேயே உள்ளன. தேசிய நெடுஞ்சாலையும், 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்-கன்னியாகுமரி இருப்புப் பாதையும் பாறசாலை வழியே செல்கின்றன. ஊரில் குடியிருந்தவாறே ஒருவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கலாம். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கல்லூரியில் பயிலலாம். கைத்தொழிலும் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதால் வளர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து பாலராமபுரத்தில் குடியேறிய சாலியர் நெசவாளர்களின் தொழில், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றிப் புகழ் பெற்றது.

இடர்கள்

முதல் இடர் கல்வியாகும். அரசியலமைப்பின் 350அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி அளிக்குமாறு கூறுகிறது. பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் அம்மொழி ஆசிரியரை நியமிக்கவேண்டும் என்பது 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஏற்ற நெறி. ஆனால் வேலைவாய்ப்பைக் கருதிப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை மலையாள, ஆங்கில வகுப்புகளுக்கு மாற்றும்போது எண்ணிக்கை குறைகிறது. எஞ்சிய மாணவர்க்கும் ஆசிரியர் கிடைப்பது அரிதாகிறது. ஒரு குடும்பத்தின் நியாயமான முடிவு அண்டை வீட்டுக் குழந்தையின் வாய்ப்பைக் குறைப்பது இங்குள்ள சிக்கலாகும்.

அடுத்தது சான்றிதழ். பட்டியல் சாதிகள் மாநில வாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தின் தகுதியைக் கொண்டு மற்றொரு மாநிலத்தில் சலுகை கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. சில கிலோமீட்டர் தொலைவில் மணமுடித்துச் செல்லும் பெண்ணும் இச்சட்டத்தின் பார்வையில் வேற்று மாநிலத்தவரே.

மூன்றாவது, இரு அரசுகளின் இணக்கத்தைப் பொறுத்தது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கர் நிலத்திற்கு நீர் தந்துவந்தது. 2004இல் அது நின்றது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் எல்லைச் சாலைகள் அடைக்கப்பட்டபோது, நாள்தோறும் கடந்து சென்ற பாதையே தடையாயிற்று. மறுபுறம், 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கியமை, எல்லையின் சுமையைக் குறைக்க முடியும் என்பதையும் காட்டிற்று.

செய்யத்தக்கவை

இவ்விடர்களுள் எதுவும் மண்ணின் குறையன்று. அவை நிர்வாகம் எல்லைக்கோட்டில் நின்றுவிடுவதால் எழுவன. ஆகவே குடிபெயர்வது இவற்றுக்கு மருந்தாகாது. தமிழ் மாணவர் பல பள்ளிகளில் சிதறிக் கிடப்பின், அருகருகே உள்ள பள்ளிகளை ஒன்றாகக் கணக்கிட்டு ஓர் ஆசிரியரைப் பகிர்ந்தளிக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதம் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் வழி செய்துள்ளது. இவ்வுரிமையை மக்கள் பயன்படுத்துவதும், அலுவலகங்கள் அறிவிப்புப் பலகையில் அதனை எழுதி வைப்பதும் செலவில்லாத சீர்திருத்தமாகும். எல்லையின் இருபுறத்து வட்ட அலுவலர்களும் குறித்த காலந்தோறும் கூடி, சான்றிதழ், நீர், போக்குவரத்துக் குறைகளைக் கேட்பது இன்னும் பயன்தரும்.

ஊரைவிட்டுப் போகும் உரிமை எவர்க்கும் உண்டு. போகாமல் இருப்பவர் அதற்காக இழப்பு ஏற்க நேராதவாறு காப்பது அரசுகளின் கடமையாகும்.