பயிருக்கு இட்ட பசளை நீர்த்தேக்கத்தைச் சேர்வதேன்?

நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கம் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டப்பட்டதாகும். அதற்கு மேலே காசல்ரீ நீர்த்தேக்கமும் கீழே லக்ஷபான மின்நிலையமும் உள்ளன. இவ்வோயா பின்னர் மஸ்கெலியா ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகின்றது. கொழும்பு மாநகருக்குரிய குடிநீரிற் பெரும்பகுதி அம்பத்தலையில் இக்கங்கையிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஆகவே, லயத்தின் பின்புறத்துச் சிறு மரக்கறித் தோட்டத்தில் இடப்படும் பசளையின் விளைவு அத்தோட்டத்து வேலியோடு நின்றுவிடுவதில்லை.

பயிருக்கு இட்ட பசளை முழுவதையும் பயிர் உண்பதில்லை. மிஞ்சியது எங்கே போகின்றது என்பதை உயிர் இரசாயனம் விளக்குகின்றது. இதனை அறிந்த கமக்காரருக்கு நீரின் தூய்மையோடு கைப்பணமும் மிஞ்சும்.

முதலில் யூரியாவை நோக்குவோம். இதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்ணிலுள்ள யூரியேசு என்னும் நொதியம் சில நாட்களுள் யூரியாவை அமோனியமாக மாற்றிவிடும். (1926ஆம் ஆண்டில் சம்னர் என்னும் அமெரிக்க அறிஞர் வாளவரை விதையிலிருந்து இந்நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். நொதியம் ஒன்று பளிங்காக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதற்காக அவர் 1946இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.) அமோனியம் களிமண்ணோடு ஒட்டி நிற்கும் இயல்புடையது. ஆனால் மேட்டு நிலத்தில், காற்றோட்டமுள்ள மண்ணில், பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை மண் பற்றி வைப்பதில்லை. இரண்டும் ஒரே வகை மின்னேற்றம் உடையவையாதலால் நைத்திரேற்று நீரோடு இறங்கிவிடும். வட்டவளைப் பக்கத்து மழை எத்தகையது என்பதை இப்பகுதியார் அறிவர். அம்மழைக்கு முன்னர் ஒரே தவணையில் இட்ட யூரியாவிற் பெரும்பகுதி கோவாவின் வேருக்குக் கிட்டுவதில்லை.

பொசுபரசின் வழி வேறு. மலைநாட்டுச் செம்மண் புளிப்புடையது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். இதனாலேயே, இட்டது போதவில்லை என்றெண்ணி மேலும் மேலும் ரீ.எஸ்.பி. இடும் பழக்கம் ஏற்பட்டது. போகந்தோறும் இட்டது மண்ணிலேயே சேர்ந்து கிடக்கின்றது. நெடுங்காலம் மரக்கறி செய்த பாத்திகளில் மண் பற்றக்கூடிய அளவு நிறைந்துவிடும். அதன்பின் பொசுபேற்றும் நீரிற் கரைந்து செல்லும். அதற்கு முன்னரும் அது ஓயாவை அடையாமல் இருப்பதில்லை. சரிவிலிருந்து மண் அரிக்கப்படும்போது, அம்மண்ணின் மேல் ஏறியே பொசுபேற்றும் போகின்றது. மழை நாளிற் கானில் ஓடும் செந்நீர், கமக்காரர் காசு கொடுத்து வாங்கிய பசளையையும் சுமந்தே ஓடுகின்றது.

நீரிலே பாசி பெருகுவதற்குப் பெரும்பாலும் குறைவாயிருப்பது பொசுபரசே. ஒரு கிராம் பொசுபரசைக் கொண்டு ஏறக்குறைய 100 கிராம் உலர்நிறையுள்ள பாசி வளரலாம். அப்பாசி மடிந்து அடியில் அழுகும்போது ஏறக்குறைய 140 கிராம் ஒட்சிசனை நுகரும். 50 கிராம் ரீ.எஸ்.பி.யில், அதாவது ஒரு சிறு பிடியில், 10 கிராம் பொசுபரசு உண்டு. அது முழுவதும் நீரிற் சேர்ந்து பாசியாயின், அப்பாசி அழுகுவதற்கு வேண்டிய ஒட்சிசன் ஏறக்குறைய 175,000 இலீற்றர் நீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசனுக்குச் சமமாகும். மீன்கள் மூச்சுத் திணறுவது இதனாலேயே.

இது வெறும் கணக்கன்று. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்குரோசிஸ்ரிசு என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகியது. நுவரெலியாவின் மரக்கறி நிலங்கள் பலவற்றின் நீர் அத்தேக்கத்திற்கே வருகின்றது. இவ்வினப் பாசிகளுட் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை. பச்சைச் சாயம் கரைத்தாற்போலத் தோன்றும் நீரையோ, பாசிப்படை மிதக்கும் நீரையோ காய்ச்சியும் குடித்தலாகாது, மாட்டுக்கும் கொடுத்தலாகாது.

இதற்காகப் பசளையையே கைவிட வேண்டுமென்பதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்கிடையில் விளைச்சல் வீழ்ந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார். தீங்கு செய்வது பசளையன்று, மிகையே. மிகையைக் கண்ணால் அறிதல் இயலாது. மண்ணைப் பரிசோதித்தே அறிதல் வேண்டும். மண்ணிற் பொசுபரசு நிறைந்திருப்பதாகத் தெரிந்தால் ரீ.எஸ்.பி.யைக் குறைக்கலாம், சில போகங்களுக்கு நிறுத்தியும் வைக்கலாம். எவ்வளவு என்பதைப் பரிசோதனை முடிவைக் காட்டி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. கோழி எருவிலும் பொசுபரசு மிகுதியாக உண்டென்பதைப் பலர் கணக்கிற் கொள்வதில்லை. எருவை நிறைய இட்டு, அதன் மேல் ரீ.எஸ்.பி.யையும் முழு அளவில் இடுவது வீண் செலவு. எருக்குவியலை ஓடைக்கரையில் திறந்து வைத்தல் கூடாது. புளிப்பு மிகுந்த மண்ணுக்கு டொலமைற்று இட்டால், மண் இறுக்கி வைத்திருக்கும் பொசுபேற்றிற் சிறிது பயிருக்குக் கிட்டும்.

பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும். கானின் ஓரத்திலும் ஓடைக்கரையிலும் புல்லை வெட்டாது விடுக. கானில் இடையிடையே குழி தோண்டினால் அரித்து வந்த மண் அதிற் படியும். அதனை அள்ளி மீண்டும் பாத்தியில் இடலாம். அதுவும் பசளையே.

கினிகத்தேனை, கித்துல்கல பக்கத்து நெல்வயலில் நிலைமை சற்று வேறு. தேங்கிய நீருக்குக் கீழ் மண்ணிற் காற்று இல்லாமையால் அமோனியம் அமோனியமாகவே நிற்கும். நெல்லும் அதனை நன்கு உண்ணும். ஆழ்ந்து நிற்கும் நீரில் யூரியாவைத் தூவினால், நண்பகல் வெயிலில் ஒரு பகுதி அமோனியா வாயுவாக எழுந்து போய்விடும். ஆதலால் நீரை வடித்து, சேறு தெரியும்போது தூவி, களை பிடுங்கும் கருவியால் மண்ணோடு கலந்து, அதன்பின் மெல்ல நீர் கட்டுக. யூரியாவைத் தவணைகளாகப் பிரித்து இடுக. இட்டபின் சில நாட்களுக்கு வாய்க்காலுக்கு வரம்பை வெட்டிவிடுதல் கூடாது. பெருமழை வரும்போல் இருப்பின் அத்தவணையை இரண்டொரு நாள் தள்ளி வைக்கலாம். நெற்பயிர் அதனாற் கெடாது.