மாத்திரை போட்டாச்சு, பசியாறியாச்சா?



விடியுமுன்னே பிரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நீங்கள் நிரைக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். அப்புறம் மத்தியானம் வரைக்கும் லயத்தில் யார் இருக்கிறார்கள்? பாட்டியும் தாத்தாவும்தான். அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

2023இல் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். "டிரசரய்யா, பாட்டி கண்டபடி பேசுது!" என்று ஒரு பையன் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால் பாட்டிக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பக்கத்து வீட்டம்மாவையே அடையாளம் தெரியவில்லை. காத்து கருப்பு என்று விபூதி பூசியிருந்தார்கள். பாரிச வாயு என்றார் இன்னொருவர். விரலில் குத்திப் பார்த்தேன். ரத்தத்தில் சீனி 2.3. அது 4க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

நடந்தது இதுதான். மருமகள் ஐந்தரை மணிக்கே இனிப்புநீர் மாத்திரையைக் கொடுத்து, பாட்டி விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். பசியாற இட்டிலியும் மூடி வைத்திருக்கிறார். பாட்டியோ பெருமாளுக்கு விரதம், தொடவே இல்லை. மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். மாத்திரையை மறக்காதே என்று சொன்னது நான். சாப்பாட்டோடு கொடு என்று அழுத்திச் சொல்லாததும் நான்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்குச் சுமார் 31 பேருக்கு இனிப்புநீர். சீனி ஏறுவதற்குப் பயப்படுகிறோம். இறங்குவதை நினைப்பதே இல்லை. இன்சுலினும் சில மாத்திரைகளும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பிலேயே அதிக நேரம் தங்கிவிடும்.

வேர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல் கண்டால், நினைவு இருந்து விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள். தெளிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், மருந்து உள்ளே இருந்தால் மறுபடியும் இறங்கும். கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்குப் போன் செய்யுங்கள்.

அந்தப் பாட்டி சீனித் தண்ணியில் தெளிந்து, "ஏன்யா எல்லாரும் இங்கே நிக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் ஓர் ஏற்பாடு. டாக்டரைக் கேட்டு, மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றினோம். வேலை ஓய்ந்த மண்டோர் வீட்டம்மா தினமும் நாலு வீட்டில் எட்டிப் பார்க்கிறார். தட்டில் கை வைத்த பிறகுதான் மாத்திரை. அப்படியே காலையும் பார்ப்பார். இனிப்புநீர்க்காரர்களுக்குக் கால் மரத்துப் போனால் புண் வந்தாலும் தெரியாதே! மருந்துப் பெயர்களும் மகனுடைய போன் நம்பரும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கின்றன.

விரதம் இருக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பாரிச வாயு வந்து படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு, வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் 2014இல் தொடங்கினார்கள். எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து பேர் வெட்டும் அன்றைக்கே, நம் கிளினிக்கில் உண்டா என்று நர்சிடம் கேளுங்கள்.