திங்கட்கிழமை மூச்சிறுக்கம்

பஞ்சாலைகளில் பொதிப்பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமிலும், அதைச் சீவி இழைகளை ஒழுங்குபடுத்தும் கார்டிங் பிரிவிலும் ஆண்டுக்கணக்கில் உழைப்போரைத் தாக்கும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய், வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கி, அடுத்தடுத்த நாள்களில் தணிந்துவிடுவதால், தொடக்கத்தில் பெரும்பாலும் பொருட்படுத்தப்படுவதில்லை. பஞ்சோடு கலந்து வரும் இலைத்துகள்களில் வாழும் பாக்டீரியாக்களின் உறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளே மூச்சுக்குழாய்கள் சுருங்குவதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தூசியைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு இறுக்கம் வாரம் முழுவதும் நீடித்து, இறுதியில் மீளாத மூச்சுத்திணறலாக முற்றக்கூடும், புகைபிடிப்போருக்கோ பாதிப்பு இன்னும் கடுமையாகிறது.

நோய் முற்றிய நிலையில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் தெரிவதில்லை என்பதால், சாதாரண மூச்சுக்குழாய் அழற்சியிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம்; இந்தியாவின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் இதைத் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தும், இழப்பீடு கோருபவர் தம் பணிக்கால வரலாற்றையே பெரிதும் நம்பவேண்டியிருப்பது நியாயமான ஏற்பாடாகத் தோன்றவில்லை. நோயைத் தடுக்கும் நோக்கில் அமெரிக்கா 1978இல் நூற்பு வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசி என வரம்பு விதித்தது. தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் கருவிகளும், வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சின் அளவைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரியும் உண்மையான பாதுகாப்பைத் தருகின்றன. முகத்தில் கட்டிக்கொள்ளும் துணி நுண்தூசியைப் போதிய அளவு தடுப்பதில்லை.