வலைவழித் தூது

தூதுரைப்பாரை மூவகையினராக வகுத்துக் கூறுதல் தமிழ் உரைமரபிற் காணப்படும் ஒன்றாகும். காலமும் இடனும் கேட்போர் நிலையும் அறிந்து தானே வகுத்துக் கூறுவான் தலையாய தூதன். தலைவன் கூறியதனைக் கூறியவாறே கூறுவான் இடையாயவன். ஓலையைக் கொடுத்துவிட்டு வாளா நிற்பான் கடையாயவன். அரசரிடைச் செல்லும் தூதர்க்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, இக்காலத்திற் கணினிக்கும் கணினிக்கும் இடையே நிகழும் தூதுக்கும் பெரிதும் பொருந்துவது. அத்தூதினை நடத்துதற்கென எழுதப்பட்ட ‘றிக்குவெஸ்ற்ஸ்’ என்னும் சிறு நிரல் நூலகத்தின் இயல்பும், தன்னைக் கையாள்வோரைக் கேளாமலே அவர்பொருட்டு அது செய்யும் முடிவுகள் எத்தகையன என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நிரல் நூலகம் என்பது யாது? கணினிக்குக் கட்டளையிடும் செய்நிரலை எழுதுவோர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தாமே எழுதுவதில்லை. பலர்க்கும் வேண்டப்படும் பணியொன்றனை ஒருவர் செம்மையாக எழுதி வைப்பாராயின், ஏனையோர் அதனைத் தத்தம் செய்நிரலிற் சேர்த்துக்கொள்வர். அவ்வாறு எழுதிவைக்கப்பட்ட தொகுதியே நிரல் நூலகம் எனப்படும். பெயரளவில் நூலகமாயினும், தச்சன் கையிலுள்ள கருவிப்பெட்டிக்கே இதனை ஒப்பிடுதல் பொருந்தும்.

இனி, அத்தூதின் மொழி கருதத்தக்கது. ஜெனீவா நகரை அடுத்துள்ள ‘சேர்ண்’ ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த உலகளாவிய வலைக்கு, எச்.ரி.ரி.பி. என்னும் நடப்பொழுங்கு அடிப்படையாயிற்று. அதன் முதல் வடிவத்தில் வேண்டுகோள் முழுவதும் ஒரே வரியில் அடங்கியது: ‘பெறுக’ எனப் பொருள்படும் ஒரு சொல்லும், வேண்டப்படும் ஏட்டின் இருப்பிடமும் அன்றி வேறெதுவும் அதில் இல்லை. பின்னர்த் தலைக்குறிப்புகள் பல சேர்ந்தன. மறுமொழியின் முதல் வரியில் மூவிலக்க எண் ஒன்று இடம்பெற்றது. 200 எனின் வேண்டுகோள் நிறைவேறிற்று. 301 எனின் ஏடு வேறிடம் பெயர்ந்தது. 404 எனின் அது காணப்படவில்லை. 500 எனின் சேவையகத்தினுள்ளே பழுது நேர்ந்தது. உலாவியின் துணைகொண்டு வலையைக் காண்போர் இவற்றைப் பெரும்பாலும் அறியவேண்டுவதில்லை. ஆயின் நாணயமாற்று விகிதத்தைக் கேட்டறியும் செய்நிரலும், கடையொன்றின் பணத்தைப் பெற்றுச் செலுத்தும் செய்நிரலும் உலாவியின்றியே தூதனுப்புவன. அங்கே எண்ணைப் படிப்பாரும் ஐயுறுவாரும் ஒருவரும் இலர்.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் றொசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதன் என்னும் செய்நிரல் மொழி, தன்னுடன் கூடிய நூலகங்களிலேயே இத்தூதுக்கான கருவிகளைக் கொண்டிருந்தது. கணினிகளுக்கிடையே எழுத்துகளைக் கொண்டுசெல்லும் அடிநிலைக் கருவி ஓலை கொடுத்து நிற்பானைப் போன்றது. அதன் மேலமைந்த ‘யூஆர்எல்-லிப்-2’ என்பது கூறியது கூறுவான் எனலாம். குறையற்ற தூதனே, எனினும் ஒவ்வொன்றையும் அதற்குக் கற்பித்தல் வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இடமொன்றிலிருந்து ஓர் ஏட்டினைப் பெறுதற்கு, முதலிற் கடவுச்சொற் பேணி ஒன்றை ஆக்கி, அதனைக் கையாளி ஒன்றிடம் ஒப்படைத்து, அக்கையாளியைத் திறப்பான் ஒன்றிற் பொருத்தி, அதன்பின்னரே வேண்டுகோளை விடுக்கவேண்டியிருந்தது. ஏட்டினைப் பெறுதலும் தரவினை அனுப்புதலுமே எளிதின் இயன்றன; சேவையகத்திலுள்ள ஒன்றனை நீக்குமாறு கேட்கவேண்டின், செய்நிரலர் அக்கருவியின் உள்ளுறுப்பையே மாற்றியமைத்தல் வேண்டும்.

இவ்விடர் கண்டு அமெரிக்கரான கெனத் றைற்ஸ் 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்டதே றிக்குவெஸ்ற்ஸ் நூலகம். ‘மாந்தர்க்கான எச்.ரி.ரி.பி.’ என்பது அதன் குறிக்கோளுரை. மேற்கூறிய கடவுச்சொல் வேலை இதில் ஒரே வரியில் முடிவுறும். திசைமாற்றங்களை முப்பது வரையில் இது தானே பின்தொடரும். சுருக்கி அனுப்பப்பட்ட மறுமொழியைத் தானே விரிக்கும். உண்மையில் இதன் உழைப்பிற் பெரும்பகுதி வேறொரு நூலகத்தின் உழைப்பாகும். அன்ட்றே பெற்றோவ் என்பார் தொடங்கிய ‘யூஆர்எல்-லிப்-3’ என்பதே இணைப்புகளைத் திறந்து பேணி, ஒரே சேவையகத்துக்கு மீண்டும் மீண்டும் செல்லுமிடத்துப் பழைய இணைப்பையே பயன்படுத்துகின்றது. வாயிலில் நின்று வரவேற்பானது புகழ் பெரிது. அடுக்களையில் உழைப்பானை அறிவார் சிலரே. 2019ஆம் ஆண்டில் றிக்குவெஸ்ற்ஸ் நூலகம் பைதன் மென்பொருள் மன்றத்தின் பொறுப்பில் வந்தது.

சுருங்க எழுதலாம் என்பது இந்நூலகத்தின் சிறப்பென்று பலர் கூறுவர். அது சிறப்பே எனினும் முதன்மையானதன்று. செய்நிரலர் ஒன்றும் கூறாது விட்டவிடத்து நூலகம் எதனைச் செய்கின்றது என்பதே முதன்மையானது. ஏனெனிற் பெரும்பாலோர் ஒன்றும் கூறாதே விடுவர்.

மறைவான தூதினை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கடவுச்சொல்லும் பணவிவரமும் செல்லும் வழியிற் பிறர் படியாவண்ணம் மறைகுறியாக்கப்படுகின்றன. ஆயின், எதிரே இருப்பவன் யார் என்று அறியாது மறைவாகப் பேசுவதாற் பயன் யாது? வஞ்சகனிடமே மறைபொருளை மறைவாக ஒப்படைத்ததாக முடியும். ஆகவே சேவையகம் தன் பெயர் பொறித்த சான்றிதழ் ஒன்றனைக் காட்டுகின்றது. அதனை வழங்கியவர் நம்பத்தக்கவர்தாமா, அதிலுள்ள பெயர் நாடிவந்த பெயர்தானா என இரண்டையும் தூதன் ஆராய்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஆராய்ச்சி முழுவதும் வீணே.

2012ஆம் ஆண்டில் ரெக்சாஸ், ஸ்ரான்போட் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர் சிலர் உலாவியல்லாத செய்நிரல்கள் பலவற்றைச் சோதித்து, பணம் செலுத்தும் நிரல்கள் உட்படப் பலவும் இவ்வாராய்ச்சியைச் செவ்வனே செய்யவில்லை எனக் கண்டனர். செய்நிரலர் சோம்பியிருந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. நூலகங்களின் அமைப்பே அவர்களை வழுக்கி விழச் செய்தது. ‘லிப்கேர்ள்’ என்னும் புகழ்பெற்ற நூலகத்தில், பெயரை ஒப்புநோக்குக என்பதற்கு 2 என்னும் எண்ணைக் கொடுத்தல் வேண்டும். செய்நிரலர் சிலர் ‘ஆம், ஒப்புநோக்குக’ என்னும் கருத்தில் ‘உண்மை’ என்னும் பெறுமானத்தைக் கொடுத்தனர். கணினி ‘உண்மை’ என்பதனை 1 எனக் கொண்டது. 1 எனின் அந்நூலகத்தில், சான்றிதழில் ஏதேனும் ஒரு பெயர் உளதா எனப் பார்த்தால் அமையும் என்பது பொருள்! யாருடைய பெயராயினும் ஏற்கப்பட்டது. ஆம் என்றவர் இல்லை என்றதன் பயனையே பெற்றனர். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த லிப்கேர்ள் பதிப்பு 1 என்னும் எண்ணைப் பிழையென மறுத்து இக்குழியை மூடிற்று.

பைதன் மொழியின் சொந்தக் கருவிகளோ, ஒன்றும் கூறாவிடின் எச்சான்றிதழையும் ஆராயாமலே ஏற்றன. 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் வந்த 2.7.9 என்னும் பதிப்பிலேயே அவ்வழக்கம் மாறியது. அதற்கு முன்னரே றிக்குவெஸ்ற்ஸ் நூலகம், கேளாமலே ஆராய்தலைத் தன் இயல்பாகக் கொண்டிருந்தது. நம்பத்தக்க சான்றாளரின் பட்டியலையும் மொசில்லா நிறுவனம் பேணும் தொகுப்பிலிருந்து பெற்றுத் தன்னுடன் வரும் வேறொரு சிறு நூலகத்தின் வாயிலாக வழங்கிற்று. சான்றிதழ் என்றொன்று உண்டென்பதையே அறியாத செய்நிரலரும் இதனாற் காக்கப்பட்டனர். வகுத்துக் கூறுவான் தலையாயவன் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

எனினும், தானே முடிவு செய்யும் தூதன் தானே தவறுதலும் கூடும். திசைமாற்றத்தைத் தானே பின்தொடரும் இயல்பு 2018ஆம் ஆண்டில் ஒரு கேட்டினை வெளிப்படுத்திற்று. மறைவான வழியில் தொடங்கிய வேண்டுகோளை அதே பெயருடைய சேவையகம் மறைவற்ற வழிக்குத் திருப்பியவிடத்து, நூலகம் கடவுச்சொல் அடங்கிய தலைக்குறிப்பையும் உடன்கொண்டு சென்றது. வழியில் நிற்பார் எவரும் அதனைப் படித்தல் இயலும். 2.20.0 என்னும் பதிப்பில் இது திருத்தப்பட்டது. மீண்டும் 2024ஆம் ஆண்டில், தொடரமர்வு ஒன்றின் முதல் வேண்டுகோளிற் சான்றிதழாராய்ச்சியைத் தவிர்க்குமாறு கூறின், அச்சேவையகத்துக்குப் பின்னர்ச் செல்லும் வேண்டுகோள்களில் ஆராயுமாறு பணித்தாலும் அவ்விணைப்பு உள்ளவரை ஆராயாதொழிந்தமை கண்டு நீக்கப்பட்டது.

தமிழில் எழுதுவோரை நேரே தாக்கும் முடிவொன்றும் உண்டு. மறுமொழியாக வருவன உண்மையில் எழுத்துகளல்ல, எண்களே. எம்முறையால் அவற்றை எழுத்தாக்குவது என்பதைச் சேவையகம் தலைக்குறிப்பிற் கூறுதல் வேண்டும். அது கூறாதுவிடின், உரை வகையைச் சேர்ந்த ஏட்டினை மேற்கைரோப்பிய மொழிகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 8859-1 என்னும் முறையிற் படித்தல் றிக்குவெஸ்ற்ஸ் நூலகத்தின் வழக்கம். பழைய நடப்பொழுங்கு விதி அவ்வாறே கூறிற்று. 2014ஆம் ஆண்டின் திருத்தத்தில் அவ்விதி கைவிடப்பட்டது. நூலகமோ பழையதனையே பற்றி நிற்கின்றது. இதன் விளைவு யாதெனின், யூ.ரி.எவ்.-8 முறையில் எழுதப்பட்ட தமிழ் ஏடு உருக்குலைந்து தோன்றும். அம்முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று எண்களாற் குறிக்கப்படுவது. எனவே ‘த’ என்னும் ஓரெழுத்து, மேற்குறி பெற்ற இலத்தீன் எழுத்தொன்றும், பதிவுபெற்ற வணிகச் சின்னத்தைக் காட்டும் குறியொன்றும், நாணயக் குறியொன்றுமாக மூன்றாய்ப் பிரியும். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணினி ஐந்து குறியீடுகளாகக் கொள்ளுமாதலின், அது பதினைந்து பொருளற்ற குறிகளாய் நீளும். ஆங்கில ஏட்டைப் படிப்பார்க்கு இக்குறை புலப்படாது. இரு முறைகளிலும் ஆங்கில எழுத்துகளின் எண்கள் ஒன்றே. மறுமொழியை எழுத்தாக்குமுன் அதன் முறை யூ.ரி.எவ்.-8 என ஒரு வரி எழுதுதலே இதற்கு மருந்து. இயல்பாய் அமைந்தது என்று கருதப்படுவது யாருடைய இயல்பு என்பதனை இவ்விடம் நன்கு காட்டும்.

இறுதியாகக் கூறவேண்டியது காத்திருத்தல் பற்றியது. செய்நிரலர் கால எல்லை ஒன்றும் குறியாவிடின், றிக்குவெஸ்ற்ஸ் மறுமொழிக்காக எல்லையின்றிக் காத்திருக்கும். சேவையகம் இணைப்பை ஏற்றபின் வாய்திறவாது இருந்துவிடின், தூதன் அரண்மனை வாயிலிலேயே நின்றுவிடுவான். அவனை அனுப்பிய செய்நிரலும் அசையாது நிற்கும். பழுதென்று அறிவித்தலும் இல்லை. சான்றிதழ் வகையில் அத்துணை விழிப்புடைய நூலகம் இதில் வாளாவிருந்தது பெருங்குறையே. ஆயின் இன்று ஓரெல்லையை இயல்பாக்கினால், நெடுநேரம் எடுக்கும் பணிகளை நம்பிப் பொறுத்திருக்கும் பழைய செய்நிரல்கள் திடீரென முறியும். புதிய இயல்புகளை ஏற்பதில்லை என்னும் நிலையையும் இந்நூலகம் மேற்கொண்டுள்ளது. ஆதலால் இக்கடமை செய்நிரலரிடமே விடப்பட்டுள்ளது. ஏறத்தாழ எல்லா வேண்டுகோளிலும் கால எல்லை இடுமாறு நூலகத்தின் கைந்நூலே அறிவுறுத்துகின்றது. இடும் எல்லை மறுமொழி முழுவதும் வந்துசேர்தற்குரிய காலமன்று என்பதும் அறியத்தக்கது. பத்து வினாடி எனக் குறித்தால், பத்து வினாடி தொடர்ந்து ஒன்றும் வாராதபோதே தூது கைவிடப்படும். ஒன்பது வினாடிக்கு ஒருமுறை ஓரெழுத்தாக அனுப்பும் சேவையகம் அவ்வெல்லைக்குட்பட்டே நாள் முழுவதும் செய்நிரலை நிறுத்திவைத்தல் கூடும். இணைதற்கு ஓரெல்லையும் மறுமொழிக்கு வேறோரெல்லையுமாக இரண்டனைக் குறிக்கவும் இடமுண்டு. இழந்த செய்தியை மீள அனுப்பும் இடைவெளியைக் கருத்திற்கொண்டு, இணைதற்குரிய எல்லையை மூன்றன் மடங்கினும் சிறிது கூடுதலான வினாடிகளாக அமைத்தல் நன்றெனவும் அக்கைந்நூல் கூறும்.