கீரை வாரத்துக்கு, ஆடு வருடத்துக்கு!

ஜெராய் மலையடியில் உள்ள குருண் வட்டாரத்துத் தோட்டங்களில் மாடும் ஆடும் வளர்த்துப் பிள்ளைகளைக் கரையேற்றிய குடும்பங்கள் பல. பால்வெட்டுச் சம்பளம் வயிற்றுக்கு. மாடு விற்ற காசு கல்யாணத்துக்கு. இன்றோ, "சாணி அள்ளவா படிச்சோம்?" என்று கேட்கிறார்கள் நம் பிள்ளைகள். தொழிற்சாலைக்குப் போவது தவறில்லை. ஆனால், கையிலிருக்கும் தொழிலைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே கைவிடலாமா?

கணக்கு இதுதான். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி வளர்ந்து விலைக்கு வர மேலும் ஏறத்தாழ ஒரு வருடம். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆடு மட்டும் வாங்கியவர்கள் பாதியிலேயே விற்றுவிடுவது இதனால்தான். பக்கத்திலேயே கீரையும் காங்கோங்கும் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். ஆட்டுப் புழுக்கையை மக்கவைத்தால் பாத்திக்கு எரு. குருணிலேயே யூரியா ஆலை இருக்கிறது. ஆனாலும் மூட்டை காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்? கீரை வாரச் செலவுக்கு, ஆடு தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும்.

அடுத்தது நிலம். தோட்ட நிலமென்றால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். "கிராணி சரின்னு சொன்னாரு" என்பது நாளைக்குச் செல்லாது. அரசாங்க நிலத்துக்கு நில அலுவலகம் தரும் தற்காலிக உரிமம் அந்த வருட டிசம்பரோடு முடிந்துவிடும். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அத்தகைய நிலத்தில் கடன் வாங்கி சிமெண்டுக் கொட்டகை கட்டாதீர்கள். பலகைக் கொட்டகை போதும்.

முதலுக்கு வட்டிக்காரனிடம் போகவேண்டாம். விவசாயத்துக்கென்றே 1969-இல் தொடங்கிய வங்கி இன்று அக்ரோபேங்க் என்ற பெயரில் இயங்குகிறது. கால்நடை இலாகாவின் 'பாவா' திட்டத்தில் மாடு பெற்று, பிறகு கன்றாகத் திருப்பிக் கொடுக்கும் முறையும் உண்டு. நேரில் போய்க் கேளுங்கள். தவணை எப்போது தொடங்கும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். குட்டி விற்பதற்கு முன்பே தவணை வந்தால் தாயாட்டைத்தான் விற்க நேரும்.

தனியாக முடியாதென்றால் சேர்ந்து செய்யுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் இதே கெடாவின் புக்கிட் சிடிம்! பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து, பத்து ஆடும் கால் ஏக்கர் கீரையும் தொடங்க முடியாதா? வரவு செலவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், ஒருவருடம் பொறுங்கள். பிறகு சொல்லுங்கள், சாணி அள்ளுவது கேவலமா என்று!