மூணு கார், ஒரு மெஷின், ஒரு முதலாளி

டோக்கியோவுல எந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சாலும் ரெண்டு வீட்டுக்கு நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஒரு காலி மனை இருக்கும். மூணு கார் நிக்கும், ஓரத்துல காசு போடுற மெஷின். வாட்ச்மேன் கிடையாது, டோக்கன் கிழிக்கிற பையனும் கிடையாது. காயின் பார்க்கிங்ங்கிறது இதைத்தான் மக்களே.

காரை நிறுத்தின சில நிமிஷத்துல தரையிலேருந்து ஒரு இரும்புத் தகடு எழும்பி மறிச்சுக்கும். காசு கட்டினாத்தான் எறங்கும். (இப்போ பல இடத்துல தகடுக்குப் பதிலா நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமரா.) பார்க்24 கம்பெனி 'டைம்ஸ்'ங்கிற பேர்ல 1991-ல உவேனோவுல முதல் இடத்தைத் திறந்தது. 2006 ஜூன்ல, ரோட்டோரம் நிறுத்துற வண்டிகளைக் கண்காணிக்கிற வேலையைத் தனியார்கிட்டயும் கொடுத்தாங்க. அது இந்தத் தொழிலுக்கு அடிச்ச லாட்டரி!

எங்க தெருவுல ஒரு பாட்டியம்மா தவறிப்போனாங்க. பிள்ளைங்க வெளியூர்ல. வீட்டை இடிச்சாச்சு, ஆனா மனையை விக்கிறதுல அண்ணன் தம்பிக்குள்ள ஒத்து வரலை. இங்க வீடு இருக்கிற மனைக்கு 200 சதுர மீட்டர் வரைக்கும் சொத்து வரி கணக்குல மதிப்பை ஆறில் ஒண்ணாத்தான் எடுப்பாங்க. வீடு போனா அந்தச் சலுகையும் போச்சு. சும்மா போட்டு வச்சா வரி தின்னுடும்.

வீடு கட்டிக்கிறதுக்கு மனையை வாடகைக்கு விட்டா, சட்டப்படி குடியிருக்கிறவரைக் கிளப்புறது குதிரைக்கொம்பு. பார்க்கிங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நோட்டீஸ் கொடுத்து மனையை வாங்கிடலாம். அதனால கம்பெனிக்குக் குத்தகை. மெஷின், துப்புரவு, நடுராத்திரி போன் எல்லாம் அவங்க தலையில. கார் வந்தாலும் வராட்டியும் மாச வாடகை நிச்சயம். சொந்தமா நடத்தினா வசூல் முழுக்க நமக்கு, காலியா கெடந்தா நஷ்டமும் நமக்கு.

எனக்கென்னவோ இதுல சூட்சுமமே வண்டி மாறுற வேகம்தான்னு தோணுது. அரை மணிக்கு 200 யென்னு வச்சுக்குங்க, எட்டு மணி நேரம் வண்டி மாறி மாறி நின்னா ஒரு கட்டத்துக்கு 3,200. அதிகபட்சம் 1,500-னு போர்டு வச்சு ஒரே கார் நாள் பூரா நின்னா 1,500-தான். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் பக்கம் மனை வச்சிருக்கிறவன் கொடுத்து வச்சவன் :-)

வாடகைக் கார் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: அந்த 'அதிகபட்சம்' சில இடத்துல ஒரு தடவைதான் செல்லும், அப்புறம் மீட்டர் பழையபடி ஓடும்.

பாட்டி மனையில நாலு கார் நிக்கலாம். மூணுதான் நிக்குது. மூலையில அவங்க வச்ச பேரிச்சை மாதிரி இனிக்கிற காக்கி மரம். வெட்டக் கூடாதுன்னுட்டாராம் சின்னப் பையன்.