ஜோலாவின் கடிதம்

1894-இல், பாரிஸ் ஜெர்மானியத் தூதரகத்துக் குப்பைக்கூடையில் அகப்பட்ட கிழிந்த காகிதமொன்றின் கையெழுத்தைப் பிரதான சான்றாக வைத்து, யூதரான டிரைஃபஸ் என்னும் ராணுவ அதிகாரியைத் தேசத்துரோகியெனத் தீர்த்துத் தீவாந்தர சிக்ஷைக்கு அனுப்பினார்கள். அக்கையெழுத்து எஸ்டர்ஹாஸி என்பவருடையதென்று பின்னர் புலப்பட்டும், ராணுவத்தின் கௌரவத்துக்குப் பங்கம் நேருமென்று அஞ்சி, 1898 ஜனவரி 11-இல் அவரையே விடுவித்தார்கள்.

செல்வமும் கீர்த்தியும் நிரம்பப் பெற்று, வாய்மூடியிருந்தால் சுகமாகவே வாழ்ந்திருக்கக்கூடிய நாவலாசிரியர் எமில் ஜோலா, இரண்டே தினங்களில், ஜனாதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் சேனாதிபதிகளைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டினார். அவதூறு வழக்கு வருமென்று அறிந்தே, ஏன், உண்மை நீதிமன்றம் ஏறட்டுமென்று அதனை வரவழைக்கவே எழுதினார். கற்றோர் செய்யத்தக்க காரியங்களுள் இதனினும் உயர்ந்ததை நான் அறியேன். மறுநாளே எழுத்தாளரும் பேராசிரியரும் மறுவிசாரணை கோரிக் கையொப்பமிட்டனர். ஜோலாவுக்கோ ஓராண்டுச் சிறை விதிக்கப்பட, அவர் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். டிரைஃபஸ் நிரபராதியென்ற தீர்ப்பு 1906-இல்தான் வந்தது.